சாமி அலமாரியில் ஒரு பிராந்தி பாட்டில்

மகள் தன் வருங்கால மாமனார் மாமியாரை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தாள். முதல் வருகை. யாழ்ப்பாண வழிக் குடும்பம். நல்ல நாளென்றால் ஒரு கிளாஸ் எடுப்பவர்கள்.

"ஆன்டிக்கு ஷாம்பெய்ன் காக்டெய்ல்னா ரொம்பப் பிடிக்கும்மா. ஷாம்பெய்ன் நான் கொண்டு வரேன். செய்யறது ஈசிதான் லா, வீடியோ அனுப்பறேன்."

"அப்பா இருக்காருடி."

"குடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சும்மா. அப்பா ஓகே."

அவளுக்கு ஓகே. அவர் குளியலறையில் கொஞ்சம் நேரமெடுத்தாலே கதவருகே போய் நிற்கிறவள் நான். என் கணவர் குடித்தது பிராந்தி. அந்தக் காக்டெயிலில் ஷாம்பெய்னுக்கு அடியில் ஊற்றுவதும் பிராந்திதான்.

ஈசூனில் வாங்கினால் தெரிந்தவர் கண்ணில் படும் என்று, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். தெரிந்தவர்கள் அதிகம் இருப்பதே அங்கேதான் என்பது போனபிறகு உறைத்தது. முருங்கைக்கீரைக் கட்டுக்கு அடியில் பாட்டிலைப் புதைத்துக்கொண்டு வந்து, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், எண்ணெய்க்கும் கற்பூரத்துக்கும் பின்னால் வைத்தேன். அங்கே அவர் கை நீளாது என்று ஒரு நினைப்பு. குடியை விட்டதிலிருந்து காலை விளக்கேற்றுவது அவர்தான் என்பதை எப்படி மறந்தேனோ, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை எண்ணெய் தீர்ந்திருந்தது. புது பாட்டிலை எடுக்கக் குனிந்தவர், பிராந்தியோடு சமையலறைக்கு வந்தார்.

"சாமியைக் காவலுக்கு வெச்சியா?"

சிரிக்கவில்லை. மேடைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மதியம்வரை பாட்டிலின் மூடியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம்.

அவர்கள் நாலுக்குச் சரியாக வந்தார்கள். கிளாஸின் அடியில் சர்க்கரைக் கட்டி, அதன்மேல் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு நாலு சொட்டு. பட்டை கிராம்புக் கஷாயம்போல மணத்தது. பிராந்தியை ஊற்றியதும் பழைய வாசனை எழுந்தது. பக்கத்தில் அவர் கட்லட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் ஷாம்பெய்ன் நுரை பொங்கி வழிந்தது.

கிளாஸை வாங்கிய சம்பந்தி என் கணவரைப் பார்த்தார். "நீங்களும் ஒண்டு எடுங்கோ. நான் தனியக் குடிக்கிறதோ?"

"எனக்கு வேணாம்ங்க," என்றார் அவர். "ஒன்னோட நிறுத்தத் தெரியாத ஆளு நான். ஆறு வருஷமா தொடறதில்ல."

மகள் தரையைப் பார்த்தாள். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். சம்பந்தி கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப எனக்கும் தேத்தண்ணி தாங்கோ." அவர் மனைவி மட்டும் தன் கிளாஸை விடவில்லை. நன்றாயிருக்கிறது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

தேதி பேசி முடித்து ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். மகளும் கூடவே போனாள். பிராந்தி பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம். அதைக் கழுவுதொட்டிக்கு எடுத்துப் போனேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னும் நம்பலையா என்னை?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்," என்றார். "கொட்டிடு."