வெளிக்காற்று நாற்பத்தேழு

அளந்து பார்த்துவிட்டுத் துளை போடுகிறவர்கள் ஒரு ரகம். துளை போட்டுவிட்டு அளந்து பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். அவளுடைய அப்பா இரண்டிலும் சேர்த்தி இல்லை. துளை போடுவார், அதோடு சரி. அளப்பதெல்லாம் அப்புறம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவர்களின் வேலை.

தொழில் என்னவோ தையல்தான். பேருந்துப் பணிமனையில் இருக்கை தைப்பவர். கிழிந்த ரெக்சினை உரிப்பார், நசுங்கிய ஸ்பாஞ்சைப் பிடுங்கி எறிவார், புதிதாக வைத்து இழுத்துத் தைத்து ஆணி அடிப்பார். உள்ளே பலகை உளுத்துப்போயிருந்தால் அது பலகைக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். காலமெல்லாம் மூடி மறைத்தே சம்பளம் வாங்கிய மனிதருக்கு ஒரு ஓட்டை பெரிய விஷயமாகத் தெரியாததில் ஆச்சரியமில்லை. பணிமனையில் அவரை 'ட்ரில்லு' என்றுதான் கூப்பிட்டார்கள். தைக்கிற ஆளுக்கு ஏன் இந்தப் பெயர் என்று யாராவது கேட்டால், வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினால் போதும்.

வீட்டில் சுவர்க்கடிகாரம் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைச் சாத்தினால்தான் மணி தெரியும். அங்கேதான் ஏசி குழாய்க்கென்று அவர் போட்ட முதல் துளை இருந்தது, உள்ளே கான்கிரீட் தூண் குறுக்கிட்டதால் பாதியில் கைவிடப்பட்டது. இரண்டாவது துளைக்கு மேல் காலண்டர். மூன்றாவது அடுத்த அறைக்கே போய்விட்டதால் அதற்கு பீரோ. நாலாவதை மறைக்கக் கல்யாணப் படம் முழங்கால் உயரத்தில் தொங்கியது. வருகிறவர்கள் அதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு மரியாதை என்று அவர் சொல்லிக்கொள்வார். ஏசி கடைசியில் ஜன்னலில் உட்கார்ந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் அளவுக்கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு தெர்மாமீட்டர் சரியாகச் சொல்கிறதா, புளுகுகிறதா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. புளுகினால் 'பயன்படுத்தாதே' என்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அதில் அவளுக்கு இரக்கமே கிடையாது என்று பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயரில் ஏகப் பெருமை. "என் பொண்ணுகிட்ட ஒரு டிகிரி கூட தப்பிக்க முடியாது" என்று பணிமனை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், தன் ட்ரில்லை மட்டும் அவளுக்கு எட்டாத பரணில் வைத்துக்கொண்டு.

ஓய்வு பெற்றதும் நாலு பேர் மாதிரி நடைப்பயிற்சிக்குப் போயிருக்கலாம். தம்பியோடு சேர்ந்து படகு வாங்கினார். அந்தத் தம்பி, அதாவது அவளுடைய சித்தப்பா, மருந்துக்கடை வைத்திருப்பவர். யார் எது சொன்னாலும் 'ரெண்டும் சரிதான்' என்பார். அவரால் அண்ணனைத் தடுக்க முடியாது. ஏரியில் உல்லாசமாகச் சுற்றுவதற்கான சின்ன ஃபைபர் படகு அது. தலைக்கு மேல் ஒரு கூரை, பின்னால் ஒரு இன்ஜின், முன்னால் ஒரு டிஸ்ப்ளே. அம்மா அதில் காலே வைக்கவில்லை. "தரையில இருக்கிற வீட்டையே சல்லடையாக்கினவர். தண்ணியில இருக்கிறதுல நான் உக்காரணுமா?" என்றாள்.

படகில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, டிஸ்ப்ளேயின் ஒரு கட்டத்தைத் தவிர. வேகம், ஆழம், தண்ணீரின் சூடு எல்லாம் எண்ணாக வரும். 'வெளிக்காற்று' என்ற கட்டத்தில் மட்டும் மூன்று கோடுகள். அவர் மகளுக்கு ஃபோன் போட்டார்.

"கோடு கோடா காட்டுதும்மா."

"அதுக்குன்னு தனியா ஒரு சென்சார் மாட்டணும்ப்பா. உங்க படகுல அது இல்ல."

"அப்ப மாட்டிடுவோம்."

"எதுக்கு? நீங்க உக்காந்திருக்கிறதே வெளிக்காத்துலதானே?"

"உக்காந்திருக்கேன். எத்தனை டிகிரியில உக்காந்திருக்கேன்னு தெரிய வேணாமா?"

இந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் வேலை பார்க்கிற யாராலும் 'வேண்டாம்' என்று பதில் சொல்ல முடியாது. அவள் ஒரு சென்சாரைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டாள். வெள்ளைக் காளான் மாதிரி ஒரு சின்னத் தொப்பி, அடியில் ஒரு தண்டு, அதிலிருந்து ஒரு வயர். எங்கே மாட்ட வேண்டும் என்று படம் வரைந்தும் அனுப்பினாள். கூரையின் விளிம்புக்கு அடியில். நிழல் இருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும், இன்ஜினுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. 'கூடவே கூடாது' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சென்சார் கூரியரில் வந்துகொண்டிருந்தபோதே அவர் துளையைப் போட்டுவிட்டார். இன்ஜின் மூடியை ஒட்டி, கறுப்புப் பலகையில், உச்சி வெயில் நேராக விழுகிற இடத்தில். காரணமும் வைத்திருந்தார். அங்கே என்றால் வயர் எட்டும், நீட்ட வேண்டாம். துளை சென்சாரின் தண்டைவிட இரண்டு மடங்கு பெரியது. அவரிடம் இருந்த துளைவெட்டி அந்த ஒரே அளவுதான். வீட்டு ஓட்டைகள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

மறுவாரம் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாதி முடிதான் வெட்டியிருந்தது. எதையும் முழுசாக முடிக்காத மனிதர் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததற்கு அவரே கடைசி சாட்சியும் கொடுத்துவிட்டுப் போனார்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் போட்ட வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் வந்தார். கையெழுத்துப் போட வேண்டியவரைக் கேட்டார். அவள் போட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள், அம்மா, சித்தப்பா மூன்று பேரும் படகுத்துறைக்குப் போனார்கள். அவள் பையில் சென்சார், ட்ரில், ஓட்டை அடைக்கிற பசை, சொந்தத் தெர்மாமீட்டர் எல்லாம் இருந்தன. கூட வருவேன் என்று அம்மா ஏன் சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை. துறைப் பலகைமேல் நின்று படகைப் பார்த்தாள்.

"ஆடுது."

"படகுன்னா ஆடும்மா."

"இதையேதான் உங்கப்பாகிட்ட நானும் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தாள்.

மகள் துளையைப் பார்த்தாள். ஓரத்தில் ஃபைபர் பிசிறு கூடத் தேய்க்காமல் நின்றது. பசை டப்பாவைத் திறந்தாள்.

"என்ன பண்ணப் போற?" என்றாள் அம்மா.

"இதை அடைச்சுட்டு, மேல கூரைக்குக் கீழ புதுசா போடறேன்."

"எதை அடைக்கப் போற?"

"இந்த ஓட்டையைத்தாம்மா. தப்பான இடம்."

"அது அவர் கடைசியா செஞ்ச வேலைடி."

"கடைசியா செஞ்ச தப்பு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணி, பார்க்கப்போனா ரெண்டும் சரி..."

"தம்பி, நீங்க சும்மா இருங்க." அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "வீட்டுல அவர் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் மறைச்சது நான். கடிகாரம், காலண்டர், பீரோன்னு எடம் மாத்தி எடம் மாத்தி என் இடுப்பு போச்சு. எதுலயுமே அவர் எதுக்குப் போட்டாரோ அது வரல. இது ஒண்ணுலயாவது வரட்டுமே. அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

அவள் பசை டப்பாவை மூடினாள். தண்டு துளைக்குள் பெரியவர் செருப்புக்குள் விட்ட குழந்தைக் கால் மாதிரி ஆடியது. சித்தப்பா தன் பைக்குள் தேடி ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். அதன் மூடி துளைக்குக் கச்சிதமாக இருந்தது. அவள் அதன் நடுவில் சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டினாள். அளந்துதான் வெட்டினாள். தண்டைச் சொருகி அடியில் திருகினாள். கருவிகள் எல்லாவற்றையும் இணைக்கிற வயரில் ஒரு டி-இணைப்பைப் போட்டு சென்சாரைக் கோர்த்தாள். வயர் எட்டியது. மனுஷன் அதில் மட்டும் ஏமாறவில்லை.

ஏரியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்கள். கோடுகள் மறைந்து எண் வந்தது. நாற்பத்தேழு.

"காட்டுதே!" என்றாள் அம்மா. இத்தனை நாளில் அவள் குரல் அவ்வளவு மேலே போனது அப்போதுதான்.

மகள் தன் தெர்மாமீட்டரைக் கூரை நிழலில் பிடித்தாள். முப்பது. அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாரும்மா. இதுதான் நிஜம். அது தப்பு காட்டுது. இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து ஏறுது."

"உங்கப்பா கூடத்தான் தப்பு. அதுக்காகக் கழட்டியா வச்சேன்?"

சித்தப்பா ஏரியை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

டிஸ்ப்ளேயில் திருத்தம் என்று ஒரு இடம் உண்டு. பதினேழைக் கழி என்று போட்டால் இந்த நிமிஷத்துக்கு எண் சரியாகிவிடும். நாளைக் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ஏரியில் இமயமலைக் குளிர் என்று சொல்லும். ஒரு தப்பை இன்னொரு தப்பால் நேராக்குவது அப்பாவின் வழி, பீரோவை நகர்த்துவது மாதிரி. அவள் அந்தப் பக்கத்தை மூடினாள். பையில் சிவப்பு ஸ்டிக்கர் கட்டு இருந்தது. கைவிட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றாள். இன்ஜினை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது.

கழற்றாமலே, ஆய்வகம் இருக்கிற ஊருக்குத் திரும்பினாள். அடுத்த முறை வரும்போது மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பாவும் ஒவ்வொரு ஓட்டைக்கும் அப்படித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. படகில் காலே வைக்காதவள் மத்தியானமானால் சித்தப்பாவைக் கடையிலிருந்து கிளப்பிவிடுகிறாள். கேட்டால், சென்சார் ரிப்பேர் ஆகிவிட்டதா என்று பார்க்கப் போகிறாளாம். பார்த்ததும் மகளுக்கு ஃபோன். இன்னைக்கு நாப்பத்துநாலு. இன்னைக்கு மேகம், முப்பத்தெட்டுதான், என்னமோ சோர்ந்து கெடக்கு. ஆய்வகத்தில் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அவள் யாரோ ஒருவருடைய தெர்மாமீட்டருக்கு அரை டிகிரிக்காகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஃபோனில் பின்னணியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அம்பத்தொண்ணு காட்டுது. பக்கத்துப் படகுக்காரர் வந்து பார்த்துட்டு சிரிக்கிறார். அவர் படகுல முப்பத்தொண்ணாம். என் பொண்ணு மாட்டினது, அவளுக்கு இதுதான் வேலைன்னு சொன்னேன். நம்பமாட்டேங்கிறார். நீயே சொல்லு."

"அம்மா, வேணாம்மா..."

அதற்குள் ஃபோன் கை மாறிவிட்டது. ஒரு ஆண் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "வணக்கம்மா. நீங்க இன்ஜினியர்னு அம்மா சொன்னாங்க. இது அம்பத்தொண்ணுங்குது. இது சரியா?"

எதிரே மேஜையில் அன்றைக்கு அவள் தோற்கடித்த கருவிகள் வரிசையாகச் சிவப்பு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் ஒரு தப்பான அளவுக்கும் சரி என்று சொன்னதில்லை. அந்தப் பக்கம் அம்மா இந்தப் பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருப்பாள்.

"சென்சார்ல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றாள். "மாட்டியிருக்கிற இடத்துல அம்பத்தொண்ணுதான் இருக்கு."

"அந்த இடத்துலயா? அங்க யாருங்க மாட்டச் சொன்னது?"

"எங்கப்பா."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "சரிங்கம்மா" என்றார் அவர். பிறகு தள்ளியிருந்து அம்மாவின் குரல், அவரிடம்: "கேட்டீங்கள்ல? அவகிட்ட ஒரு டிகிரி கூட தப்பிக்காது. இப்ப போய் உங்களதை சரிபண்ணுங்க."