துண்டுக்குள் ஒளித்த கை

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு வைகாசி முகூர்த்தம். திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மாலை வரவேற்பு. மெல்லிசைக் குழுவில் நானும் ஒருவன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். முப்பது வருடமாகக் கிளாரிநெட் வாசித்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் அன்றைக்கு என்னைச் சந்தியில் நிறுத்தியது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் செங்கம் ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்தேன். உயிர் பிழைத்தது, வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. கிளாரிநெட்டில் துளையை விரல் இம்மியும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். இல்லாவிட்டால் பூனை கத்துவது போல ஒரு சத்தம் வரும். எத்தனையோ மாதம் எண்ணெய் தேய்த்தேன், பந்து அழுத்தினேன். விரல் அசைந்து கொடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடை ஒன்றில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் எலக்ட்ரானிக் ஊது கருவி ஒன்று இருப்பது தெரிந்தது. அதில் துளையே கிடையாது. வாயால் ஊதிக்கொண்டு கட்டையை விரலால் தொட்டால் போதும், சத்தம் ஸ்பீக்கரில் வரும். எந்த விரலுக்கு எந்த ஸ்வரம் என்று நாமே மாற்றி வைத்துக்கொள்ளலாம். எட்டு விரலுக்குள் எல்லாம் அடங்கும்படி மாற்றிக்கொண்டேன். ஒரே ஒரு சிக்கல். அழுத்தாமல் பட்டாலே பேசுகிற கருவி அது. என் மடங்கிய விரல்கள் வேண்டாத கட்டைமேல் போய்ப் படும். அந்தக் கட்டைகளின்மேல் இன்சுலேஷன் டேப்பை நாலு மடிப்பாக ஒட்டி, ஏழெட்டு மாதம் வீட்டில் பழகினேன்.

எங்கள் குழுவை நடத்துகிற கீபோர்டு நண்பர் வீட்டுக்கு வந்து நான் வாசிப்பதைக் கேட்டார். கடைசியில், "இந்த ரிசப்ஷனுக்கு வா, வாசிச்சுப் பாக்கலாம். சரியா வந்துச்சுன்னா இந்த சீசன் முழுக்க நீதான். வரலைன்னா ரெண்டு பேரும் மனசுல வச்சிக்கக் கூடாது" என்றார். ஜெராக்ஸ் கடையா, மேடையா என்பது அந்த ஒரு மாலையில் முடிவாக வேண்டும் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்திலிருந்த ஒரே அறையைத்தான் எங்களுக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டி மறைத்திருந்தார்கள். பிளக் பாயிண்ட் ஒன்றுதான். பதற்றத்தில் கருவியைச் சார்ஜ் போட மறந்து வந்திருந்தேன். அலங்காரம் செய்ய வந்த பெண் முடி சுருட்டும் மெஷினை அதில் மாட்டியிருந்தார். நான் கேட்காமலேயே பிடுங்கிவிட்டு என்னுடையதை மாட்டினேன். அவர், "அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணா, பொண்ணுக்கு முன்முடி மட்டும் பாக்கி" என்றார். அலங்காரம் லேட்டானால் ஒன்றும் முழுகிப் போகாது, பாட்டுக் கச்சேரி நின்றால் மானம் போகும் என்று எரிந்து விழுந்தேன். அவர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பெண்ணின் அத்தை வந்து, இன்னும் முடியவில்லையா என்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். பெட்ஷீட்டுக்கு இந்தப் பக்கம் நான் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

கச்சேரிக்கு முன் எனக்கு ஒரு பழக்கம். வாசலில் வரவேற்பு மேஜைக்குப் போய்ச் சந்தனத்தை இரண்டு விரலால் அள்ளி, உள்ளங்கை புறங்கை எல்லாம் குளிரக் குளிரப் பூசிக்கொள்வேன். எங்கள் பக்கத்து பேண்டுக்காரர்கள் நிறைய பேர் அப்படித்தான். கை குளிர்ந்தால் விரல் ஓடும் என்பார்கள். கிளாரிநெட்டில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அன்றும் கை தன்பாட்டுக்குப் போய் அள்ளிப் பூசிக்கொண்டது. தொட்டால் பேசுகிற கருவி என்பது அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை.

வலது கை தெரியக் கூடாது என்று பட்டுத் துண்டை ஸ்டைலாகத் தோளிலிருந்து இறக்கி, விரல்களை மூடிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவதில் துண்டுக்குள் கை வேர்த்து, சந்தனம் கரைந்து டேப்புக்கு அடியில் இறங்கிவிட்டது. டேப் உரிந்து வந்தது. நான் ஒரு ஸ்வரம் ஊதினால் கருவி வேறொன்று சொல்கிறது. ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு அலறல். போட்டோவுக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. நண்பர் சட்டென்று கீபோர்டில் இடத்தை நிரப்பிக்கொண்டு, இறங்கிப் போ என்று கண்ணைக் காட்டினார்.

அறைக்குள் வந்து துண்டால் துடைக்கத் துடைக்கச் சந்தனம் இன்னும் பரவியது. மடங்கிய விரல்களுக்கு இடுக்கில் இருந்ததை என்னால் எடுக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அலங்காரம் செய்த அந்தப் பெண் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கையைக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

"ஈரக் கையில தொட்டா போன்கூட தானா எங்கெங்கயோ போகுதுங்க. இதுவும் அந்த மாதிரிதானே?"

மருதாணி வைக்கிறவர் பெண்களின் கையைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக முடிந்த அளவு மெல்ல விலக்கி, இடுக்கில் ஈரப் பஞ்சால் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தட்டினார். இரண்டு வருடத்தில் அந்தக் கையைத் தொட்டவர்கள் எல்லாரும், எப்படி ஆச்சு, ஐயோ பாவம் என்று ஆரம்பிப்பார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கருவியையும் துடைத்தார். டேப் இனி ஒட்டாது என்று தெரிந்ததும், பவுடர் பூசும் ஸ்பாஞ்சைச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் இரண்டு விரல்களையும் படிய வைத்து, கொண்டைக்குப் போடும் ரப்பர் பேண்டால் கட்டினார். விரல்கள் இப்போது கட்டைக்கு எட்டவே எட்டாது. ரப்பர் பேண்ட் ரோஸ் கலர். வேறு கலர் இல்லை என்று அவரே வருத்தப்பட்டார்.

நான் வழக்கம் போல் துண்டை எடுத்து மூடப் போனேன். "அதைப் போட்டா மறுபடியும் வேர்க்கும். விட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான் காரணம்.

வெறுங்கையோடு, ரோஸ் ரப்பர் பேண்டோடு மேடையேறினேன். முதல் நிமிடம் உடம்பெல்லாம் கூசியது. மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒருவர் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். ஒரு அம்மா குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் பெண் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசைப் பெரியவர் பழைய பாட்டு ஒன்று கேட்டு அனுப்பினார். அதை வாசித்தேன். அப்புறம் நிறுத்தவே மனம் வரவில்லை. முடிந்ததும் நண்பர் வயரைச் சுருட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை ஆரணி. வேன் நாலு மணிக்கு வந்துடும்" என்றார்.

அந்தப் பெண் ஸ்கூட்டியில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலை முகூர்த்தத்துக்கு வேறு மண்டபத்தில் இன்னொரு பெண்ணுக்கு அவர் அலங்காரம் செய்ய வேண்டும். ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்பது போலப் பார்த்தார். பிளக் பாயிண்ட் விஷயம் என்றேன்.

"அதுவா? எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரே பிளக்குதாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க அவசரம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விரல்கள் இன்றும் மடங்கித்தான் இருக்கின்றன, எனக்கு வாசிப்பு இருக்கிறது. ஆனால் அந்த மாலை எனக்குப் பெரிதாக இருப்பது வேறொன்றுக்காக: இரண்டு வருடமாக ஊரே என் கையைப் பார்க்கிறது என்று நினைத்து அதை ஒளித்துவைத்தேனே, அத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.