கால்ல வருது

மரக்காணம் பக்கத்தில் ஒரு மாதா கோயில் திருவிழா. மைக் செட் போட வந்திருந்த அக்காவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. குள்ளமான உருவம், தோளில் சுருட்டிய ஒயர், மற்ற நாட்களில் உப்பள வேலையில் நின்று நின்று வெடித்த குதிகால். எந்த ஸ்பீக்கரைச் சோதிப்பதாக இருந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றிவிடுவார்.

பாடற்குழுவோடு வாசிக்க நான் கொண்டுபோயிருந்தது டிபன் பாக்ஸ் அளவுள்ள அனலாக் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவி. பேஸ் எனும் கனத்த கீழ் ஒலி மட்டும்தான் தரும். மாலை ஒத்திகையில் அதன் அடி சுரம் ஒன்றை அக்காவின் ஸ்பீக்கரில் நிற்காமல் ஒலிக்க விட்டேன். "ஒண்ணுமே கேக்கலியே" என்று குழுவில் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

அக்கா சிரிக்கவில்லை. வெறுங்காலோடு கோயில் பின்வாசலைத் தாண்டி உப்புப் பாத்தி வரப்பு வரை நடந்தார். அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்பா, அத நிறுத்தாத. இங்க வந்து நில்லு."

ஓடினேன். ஷூவைக் கழற்றி வரப்பில் நின்றதும் குதிகாலில் ஏதோ முனகியது, முழங்கால் வரை ஏறியது. ஐந்து வருடமாக வாசிக்கிறேன், என் சுரம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"காதுல தேடுனா கிடைக்குமா? கால்ல வருது பாரு" என்றார் அக்கா. "இன்னும் கீழ போவுமா?"

திரும்ப ஓடிவந்து குமிழைத் திருகினேன். வரப்பில் அவர் கை இன்னும் கீழே, இன்னும் கீழே என்று காட்டியது. சத்தம் என் காதை விட்டே போய்விட்டது. குமிழும் கடைசிக்கு வந்து நின்றது.

அவர் கை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.