எதிர்வீட்டு அக்கா நட்ட கல்

“…பொய் சொல்லாது, சரி சார். ஆனா அத்தத் தூக்கிகினு போனவ நான் இங்கயே நின்னுகினு கீறேனே, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

இடுப்பில் பால் குண்டானோடு எதிர்வீட்டு அக்கா இப்படிச் சொன்னதும் சர்வேயரின் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது. ‘கல் பொய் சொல்லாது’ என்று அவர் என்னிடம் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் இது. என் வீட்டுச் சமையலறை அந்தக் கல்லை நம்பித்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் சென்னைக்கு மேற்கே நூம்பல் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் நானும் ஒருவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை. ஒரே அறையில் சமைத்து, அதே அறையில் படுத்து எழுந்த வாடகை வாழ்க்கை முடிந்து, என் மனைவி கேட்டபடி ஜன்னல் வைத்த சமையலறை ஒன்று கட்டினோம். மற்ற சுவர்களுக்குப் பூச்சு வேலைகூட ஆகவில்லை. அந்த அறைக்கு மட்டும் பச்சை டிஸ்டெம்பர் அடித்தாயிற்று.

அப்போதுதான் பஞ்சாயத்தில் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் தலைவர் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தார். எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே போகிற வண்டிப்பாதையை அகலப்படுத்தி முப்பதடி ரோடாக்கப் போவதாகச் சொன்னார். “இது இன்னிக்கு நமக்கு இல்லப்பா. இருவது வருசம் கழிச்சு பஸ்ஸு வரணும், குழாய் வரணும், சாக்கடை போவணும். இப்பவே வழி உட்டாத்தான் உண்டு. அப்பால ஊட்ட இடிச்சா போட முடியும்?”

பின்னாலிருந்து ஒரு குரல்: “மழை பேஞ்சா சைக்கிளையே தோள்ல தூக்கினு போறோம். இவுரு பஸ்ஸு உடுறாராம்!” வராந்தாவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குத் தலைவர் சொன்னது பிடித்திருந்தது. இல்லாத பஸ்ஸுக்கு இன்றைக்கே இடம் ஒதுக்குகிற மனுஷனை எப்படிப் பிடிக்காமல் போகும்? ரோடு வேண்டும் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான்.

பத்து நாள் கழித்து சர்வேயர் வந்தார். வண்டிப்பாதை ஓரத்தில் நின்ற சர்வே கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். கோடு நேராக வந்து எங்கள் சமையலறைச் சுவரில் முட்டியது. சுவருக்கு அந்தப்புறம் மறுபடியும் தொடங்கியது.

பக்கத்து மனைக்காரர், என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறவர், வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரோடு வேணும்னு கை தூக்கினியே மச்சான், பாரு, ரோடு உன் ஊட்டுக்கே சாப்பிட வந்துட்ச்சி.” வேறு நாளாக இருந்தால் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். மனுஷர்கள் வாயில் தானாக வந்து விழுகிற பேச்சைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு நான் சுவருக்கும் கோட்டுக்கும் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

மனைவி சமையலறைக்குள் போனாள். மிளகாய்த்தூள், கடுகு, பருப்பு என்று அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கோணிப்பையில் போட்டுக் கட்டி வைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுபடி அளந்து பார்க்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். சர்வேயர் நல்ல மனுஷர், வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். அதே கல், அதே சங்கிலி, அதே கோடு. அப்போதுதான் கல் பொய் சொல்லாது என்றார். அக்கா குறுக்கே வந்தார்.

“நீங்க எதுக்கும்மா கல்லைத் தூக்கினீங்க?” என்றார் சர்வேயர்.

“துணி தொவைக்க. அடி பம்பு போட்டாங்க, கல்லு போடல. இது நல்லா வழவழன்னு இருந்திச்சி. நானும் எங்க ஊட்டுக்காரரும் உருட்டிகினு வந்துட்டோம். எழுத்து வெட்டின பக்கம் பட்டா துணி கிழியும்னு அத்தக் கீழ போட்டுத்தான் வெச்சிருந்தோம்.”

“அப்புறம்?”

“அது கவர்மெண்டு கல்லு, தொட்டா கேஸு ஆவும்னு யாரோ சொன்னாங்க. பயந்துகினு திரும்ப நட்டுட்டேன். பழைய எடத்துல அதுக்குள்ள எருமைய கட்டிட்டேனா, கொஞ்சம் இப்படிக்கா, இந்தத் தம்பி ஊட்டுப் பக்கம் தள்ளி நட்டேன்.”

“கொஞ்சம்னா எவ்ளோ?”

“கொஞ்சம்னா கொஞ்சந்தான் சார். அளந்தா நட்டேன்?”

அக்காவின் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறக்காதே என்று அவர் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேஸ் பயம் ஒன்று. கோடு எங்கள் பக்கமிருந்து நகர்ந்தால் அவர்கள் பக்கம்தான் போகும் என்பது இன்னொன்று. அது அக்காவுக்கும் தெரியும்.

எருமையை அவிழ்த்து அந்தண்டை கட்டினார்கள். “குழிய எங்க அடுப்புச் சாம்பல் கொட்டித்தான் மூடினேன், தோண்டிப் பாரு” என்று அக்கா காலால் ஓர் இடத்தைக் காட்டினார். கடப்பாரை இறங்கியது. முதலில் சாணி, பிறகு கறுப்பு மண். அப்புறம் நாலு பக்கமும் சதுரமாக, கல் நின்ற அச்சிலேயே இறுகிக் கிடந்தது சாம்பல்.

அங்கிருந்து அளந்தார்கள். அக்காவின் ‘கொஞ்சம்’ பன்னிரண்டு அடி. புதுக்கோடு எங்கள் சமையலறையை விட்டு விலகி, பழைய வண்டிப்பாதையோடு ஒட்டிப் போனது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சர்வேயர் அக்கா மேல் கேஸ் ஏதும் எழுதவில்லை. கல்லைப் பழைய குழியிலேயே நிறுத்தச் சொல்லி, “இனிமே இதும்மேல ஒரு கைக்குட்டைகூடத் தொவைக்கக் கூடாது” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் ரோட்டின் எதிர் ஓரக் கோடு அக்காவின் வேலிக்குள் மூன்றடி புகுந்திருந்தது. வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஆபத்தில்லை. அந்த மூன்றடிக்குள் நின்றது ஒரு முருங்கை மரம். கிளை முழுக்கப் பூவும் பிஞ்சும்.

“உங்க மரம் போயிடுமேம்மா” என்றார் சர்வேயர்.

“போனா இன்னா சார், முருங்கைதானே? ஒரு கொம்ப ஒடிச்சி அந்தாண்ட நட்டா எழுந்துக்கும். அந்தப் பொண்ணு ஊட்டு அடுப்பு அப்படி எழுந்துக்குமா?”

“அக்கா…” என்றேன். “இன்னா தம்பி அக்கா நொக்கான்னுகினு, ஏந்திரி, மண்ணுல குந்திகினு” என்றார்.

பிறகு பால் குண்டானைக் கீழே வைத்துவிட்டு, மரத்தில் கைக்கெட்டிய கிளையை வளைத்து இரண்டு கை கீரை ஒடித்தார். எங்கள் வீட்டுப் பக்கம் போட்டிருந்த பழைய சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நடந்து வந்து, ஜன்னல் வழியாகக் கீரையைச் சமையலறைக்குள் நீட்டி, “மூட்டைய அவுத்துடும்மா, பருப்பு எடுத்து அடுப்புல போடு, நானும் சாப்பிட வரேன்” என்றார்.