இரண்டாம் பரிசுச் சோப்பு

ஜனவரி நாலாம் தேதி என்றால் ரங்கூனில் எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் தெருவுக்குக் கொண்டாட்டம். வெள்ளைக்காரன் ஆட்சி போய் நாடு பிறந்த நாள். தெருவை அடைத்துக் கயிறு கட்டி, சாக்கு ஓட்டம், வழுக்குமரம் எல்லாம் நடக்கும். பெண்களுக்குத் தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஓட்டம். அதில் என் தாய்மாமன் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் மாமி வருடம் தவறாமல் இரண்டாவதாகத்தான் வருவாள். எங்கள் வீட்டில் பரிசுச் சோப்புக்குப் பஞ்சமே வந்ததில்லை.

"நானும் இந்த நாடும் ஒரே வயசுடி. மூச்சு வாங்குது" என்பாள். வயது நிஜம், அவள் பிறந்தது அதே மாதம், இதே தெருவில். மூச்சு வாங்கியதுதான் பொய்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் முதல் பரிசு, ரோஜாப்பூப் போட்ட ஃபிளாஸ்க். அது எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறது என்று முதல் நாளே பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டுவிட்டேன்.

மாமி பத்தடி முன்னால் வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கயிற்றுக்கு நாலடி இருக்கும்போது சட்டென்று நின்று, அவிழாத லுங்கியை இறுக்கிக் கட்டினாள். எதிர்வீட்டில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்கார அம்மாள் தொப்பலாக நனைந்தபடி அவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த வார்டு ஆபீஸ்காரரிடம் ஓடினேன். முதல் பரிசுக்கு மட்டும் ஜெயித்தவர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அவர் பேரும் நம்பரும் எழுதிக்கொள்வார்.

"எங்க மாமி வேணும்னே நின்னுட்டாங்க! அவங்க அட்டையக் கேளுங்க, அவங்க பேர எழுதுங்க!" என்று பர்மியில் கத்தினேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. மொஹிங்கா அம்மாள் நடுவே புகுந்து, "சின்னப் பொண்ணு புளுகுது சயா, நான்தான் ஜெயிச்சேன்" என்று தன் அட்டையை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஒன்று விழுந்தது. மாமி என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். பிறகு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாமியின் அட்டையில் வெளிநாட்டவர் என்று இருந்தது. நாடு பிறந்தபோது குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். ரயில்வேயில் இருந்த அவள் அப்பா, இங்கேயே கிடக்கிற நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார். அந்த அட்டையைத் தெருவறிய நீட்ட அவளுக்குப் பயம், வெட்கம். இதெல்லாம் நான் என் அட்டையை வாங்கப் போன வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை மொஹிங்கா அம்மாள் படியேறி வந்து ஃபிளாஸ்க்கை என் கையில் வைத்தாள். அதிலேயே டீ ஊற்றி வைத்து, அவளும் மாமியும் சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவாவது வந்தாளே என்று, பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தேன்.