முதலில் கேண்டீனுக்குச் சொல்லுங்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. பினாங்கில், ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சின்ன அலுவலகம் வைத்திருந்தேன். இரண்டு மேசை, ஒரு ஃபேக்ஸ் இயந்திரம், ஒரு கணினி, அவ்வளவுதான். மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று வாசலில் பலகை. நிறுவனங்களின் செய்தியைப் பத்திரிகைக்கு ஏற்றபடி எழுதிக் கொடுப்பேன், நிருபர்களை அழைத்துக் கூட்டம் நடத்துவேன், சிக்கல் வந்தால் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முதலாளிகளுக்குச் சொல்லித் தருவேன். வீட்டில் யாருக்கும் இந்தத் தொழில் புரிந்ததில்லை. "என் தங்கச்சிக்கு, பேப்பர்காரங்களுக்கு நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுக்கிற வேலை லா" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான், எல்லோரும் கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் காலையில் ஃபெரி பிடித்து ஜார்ஜ்டவுனுக்கு வருவேன். அக்காவோ கம்பெனி பஸ்ஸில், அக்கரையிலேயே இருக்கும் புக்கிட் தெங்காவுக்குப் போவாள். அங்கே கணினி பாகங்கள் செய்யும் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்தவள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. அப்போது அந்த உற்பத்தி லைனுக்கே லீடராகியிருந்தாள்.

அந்தத் தொழிற்சாலை எனக்கும் வாடிக்கையாளர். அக்காவின் சிபாரிசில் கிடைத்த வேலை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதால், நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று அங்கே இருவருமே வாய் திறந்ததில்லை. எப்போதாவது நடைபாதையில் எதிரே வந்தால் முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும் சிரிக்கும்.

இன்டர்நெட் எங்கள் பக்கம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மோடம் கிரீச்சென்று கத்தி ஓய்ந்த பிறகு ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். ஆனாலும் தினமும் காலையில் தொழில்நுட்பச் செய்திகளையும் வியாபாரச் செய்திகளையும் அதில்தான் படிப்பேன். பினாங்கில் உள்ள தொழிற்சாலைகளைப் பற்றி வெளிநாட்டுத் தலைமையகங்கள் எடுக்கும் முடிவு உள்ளூர்ப் பத்திரிகைக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிடும். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் மாக் மண்டின் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்தவர்கள், தங்கள் வேலை போன விஷயத்தைப் பஸ் நிறுத்தத்தில் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அவர்களில் ஒருத்தி. சாப்பாட்டு டப்பாவோடு போனவள், அதே டப்பாவோடு திரும்பி வந்து வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை, புக்கிட் தெங்கா தொழிற்சாலை மேனேஜர் என்னை அவசரமாக அழைத்தார். ஈப்போக்காரச் சீனர், அதிர்ந்து பேசாத மனிதர். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். புதிய தலைமுறைக் கணினிகளுக்கான பாகம் செய்ய, பெரிய முதலீட்டில் இங்கே ஒரு புது லைன் வருகிறது. பழைய லைனை மூடி வேறு நாட்டுக்குக் கொண்டு போகிறார்கள். அந்த வாரக் கடைசியில் தலைமையகம் தன் இணையப் பக்கத்தில் அறிவிப்பு போடும். அதுவரை ஒருவருக்கும் தெரியக்கூடாது. நான் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழியிலும் செய்தி தயாரிக்க வேண்டும்.

அவர் நீட்டிய தாளைப் படித்தேன். புது லைன், முதலீடு, எதிர்காலம் என்று ஒரே கொண்டாட்டமாக இருந்தது. மூடப்போகும் லைனைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. அது அக்காவின் லைன்.

எப்படி எழுந்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. அலுவலகத்துக்குப் போய், சாயங்கால ஃபெரியில் திரும்பும்போது தண்ணீரைப் பார்க்கிறேன், கண்ணில் எதுவும் பதியவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்கா வீடு கட்டித் தரும் ஒரு குத்தகைக்காரரை நிறுத்தி வைத்து, அடுப்படியை இடித்துப் பெரிதாக்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். லோன் போடப் போகிறாளாம். என்னையும் அறியாமல், "இப்பத்தான் உடைக்கணுமாக்கா? கொஞ்சம் பொறுக்கலாமே" என்றேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் பரிமாறிய சோற்றை அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டேன். சொல்லிவிட்டால் என் தொழில் தர்மம் போகும். சொல்லாவிட்டால் அவளும் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்து யோசித்து, மறுநாளே மேனேஜரிடம் போனேன். தலைமையகம் தன் நாட்டு மாலையில் அறிவிப்பு போடும்போது நமக்குப் பொழுது விடிந்துகொண்டிருக்கும். அன்றைய பேப்பர் அதற்குள் அச்சாகி வெளியே வந்திருக்கும். செய்தி பேப்பரில் வர அடுத்த நாள் ஆகும். அறிவிப்பு வந்த உடனே, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரையும் கேண்டீனில் கூட்டி நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். நிருபர்களை மத்தியானத்துக்கு அழைக்கிறேன். முதலில் கேண்டீனுக்குச் சொல்லுங்கள்.

அவர் தயங்கினார். வேலையை நிறுத்திவிடுவார்கள், சத்தம் போடுவார்கள் என்று தலைமையகம் பயப்படும் என்றார். நான் விடவில்லை. உலகத்தில் எங்கோ இருக்கிற பங்குத் தரகர் கணினித் திரையில் படிக்கலாம், இத்தனை வருஷம் இங்கே உழைத்தவர்கள் மட்டும் படிக்கக் கூடாதா என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, கேட்டுப் பார்க்கிறேன் லா என்றார். இரண்டு நாள் இழுத்தடித்து அனுமதி வந்தது. தொழிலாளர்கள் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தக் காலையில் மேனேஜரின் அறையில் அவரும் நானும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. அறிவிப்பு வந்துவிட்டது. அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினார். பின்னாலேயே நான் போனேன்.

கேண்டீன் நிறையக் கூட்டம். இரவு ஷிப்ட் முடிந்தவர்கள், காலை ஷிப்டுக்கு வந்தவர்கள், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். பிறகு மைக்கை என்னிடம் தந்தார். நான் தமிழில் சொன்னேன். லைன் மூடப்போகிறது என்ற இடத்துக்கு வந்தபோது மூன்றாவது மேசையில் இருந்த அக்காவைப் பார்த்துவிட்டேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு முன்பே தெரியும் என்று அவள் புரிந்துகொண்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. எப்படியோ முடித்தேன்.

எங்கோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பின்வரிசையில் சலசலப்பு கிளம்பியது. மேனேஜர் கூட்டத்தை முடிக்கப் போனார். அப்போது அக்கா எழுந்தாள்.

"என்சிக், ஒரே ஒரு கேள்வி" என்று "ஐயா" போட்டு மலாயில் ஆரம்பித்தாள். கேள்வி கிடையாது என்று சொல்ல மேனேஜர் கையைத் தூக்கினார். அவள் குரல் அவ்வளவு மரியாதையாக இருந்ததால் அந்தக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "புது லைனுக்கு வெளியிலேருந்து ஆள் எடுக்கப் போறீங்களா? நாங்க சேர்ந்தப்ப இந்த லைன் வேலையும் எங்களுக்குத் தெரியாது. நீங்கதான் கத்துக் கொடுத்தீங்க. நாங்க கத்துக்கிட்டோம். புது வேலையையும் முதல்ல எங்களுக்குக் கத்துக் கொடுங்க. பரீட்சை வைங்க. தோத்தா இன்னொரு தடவை வைங்க. அப்பவும் தோத்தா நாங்களே போயிடுறோம். கத்துக் கொடுக்காமலே போகச் சொல்லாதீங்க."

அழுதுகொண்டிருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மலாய்க்காரப் பெண்மணி கை தட்டினார். அப்புறம் கேண்டீன் முழுக்கத் தட்டியது. நான் பெரிய ஓட்டல்களில் எத்தனையோ முதலாளிகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவள். ஒரு வார்த்தையும் வீணாகாமல், யாரையும் குறை சொல்லாமல், கேட்க வேண்டியதை மட்டும் கேட்ட இப்படியொரு பேச்சை நான் எழுதியதில்லை.

வேலை முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்றார் மேனேஜர். மாடிப்படி ஏறும்போது, அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். என் அக்கா என்றேன். அவர் படியிலேயே நின்றுவிட்டார். இன்று காலை வரை அவருக்கு விஷயம் தெரியாதா என்றார். தெரியாது, ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்றேன். அவர் நேராக அறைக்குள் போய்த் தலைமையகத்துக்குப் போன் போட்டார். கதவுக்கு வெளியே அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்று ஒருநாள்தான்.

மத்தியானம் நிருபர்கள் வருவதற்குச் சற்று முன்னால் என்னை அழைத்து, செய்தியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். புது லைனில் முதல் வாய்ப்பு, பயிற்சியோடு, இப்போது இருக்கும் தொழிலாளர்களுக்கே. அதையும் முதலில் கேண்டீனுக்குத்தான் சொன்னார். சீனத்தை மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் விட்டுவிட்டு, மற்ற மூன்று மொழியிலும் நானே அதைத் தட்டச்சு செய்தேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு நிருபர், இணையத்தில் பார்த்துவிட்டு, உங்கள் தொழிலாளர்களுக்கு இது தெரியுமா என்று போனில் கேட்டார். அவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்று சொன்னபோது என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "அதான் அடுப்படிய உடைக்காதன்னு சொன்னியா?" என்றாள். நான் தலையாட்டினேன். கோபமா என்று கேட்டேன்.

"காலையில மைக்கோட நின்னப்ப கோபம்தான். அப்புறம் யோசிச்சேன். நீ சொல்லியிருந்தா, என் லைன் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால மறைக்க முடியுமா? எல்லார்ட்டயும் சொல்லியிருப்பேன். உன் வேலையும் போயிருக்கும், இந்தப் பதிலும் கெடச்சிருக்காது" என்றாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "உங்க சித்தி வேலை என்னன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சிச்சி" என்றாள். எனக்கு வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. சிலர் பயிற்சி வேண்டாமென்று இழப்பீடு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையும் தேறாதவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி அக்காவின் நெருங்கிய தோழி. அவளை வழியனுப்பிய அன்று அக்கா சாப்பிடவில்லை. ஆனால் அந்த லைனில் பெரும்பாலானோர் புது லைனுக்குப் போனார்கள். அக்கா முதல் பரீட்சையில் தோற்று, அவளே கேட்டு வாங்கிய இரண்டாவது வாய்ப்பில்தான் தேறினாள். சில வருஷங்கள் கழித்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளும் ஆனாள்.

மறைக்க வேண்டியதை மறைப்பதும் என் பிழைப்பில் ஒரு பாதி. ஆனால் நீங்கள் கேட்டதிலேயே நல்ல பேச்சு யாருடையது என்று யாராவது கேட்டால், "என் அக்காவுடையது" என்று சொல்லும்போது குரலில் ஏறுகிற பெருமையை மட்டும் இன்றுவரை என்னால் மறைக்க முடிந்ததில்லை.