ஜும்ஆ நேரத்து ரோட்டை வரைந்த நஸீஹா ராத்தா

நஸீஹா ராத்தா மௌத்தாகிவிட்டார்...

காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். இப்போதுதான் அந்த வீட்டிலிருந்து வருகிறேன்.

கல்முனையில் தபால் கந்தோர் ஒன்றில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு ராத்தா, அக்கா மாதிரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டால், கந்தோரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பெண்கள்தான்.

வெளியே கடைகள் எல்லாம் சாத்திக் கிடக்கும். ரோட்டில் ஒரு ஆட்டோகூட இருக்காது. அப்போதுதான் ராத்தா மேசை லாச்சியைத் திறந்து பெயின்ட்டை வெளியே எடுப்பார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது மகளின் சித்திரப் பாடப் புத்தகத்தால். அதில் யாரோ வெளிநாட்டுக்காரர் வரைந்த பழைய படம். அந்தப் பாணிக்குப் பெயர் பின்மனப்பதிவுவாதமாம்... சின்ன டவுன் ஒன்றின் ரோடு. மஞ்சள் சுவர், நீல நிழல். ஒரு மனிதர் இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "இஞ்ச பாரு புள்ள, அங்கயும் ஜும்ஆ நேரம்."

நான் சிரித்த சிரிப்பு! அவர் சிரிக்கவில்லை. "இல்லாட்டி ஆம்புளையள் எல்லாரும் எங்க போயித்தாங்க?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ரோட்டை வரையத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அந்த நேரம் மட்டும்தான். மற்ற நாளிலும் வரையலாமே என்றால், "அப்ப அது சந்தை. ரோடில்ல" என்பார்.

படம் முடிய முன்னமே ராத்தாவுக்குச் சம்மாந்துறைக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவருக்கு இங்கே கடைசி வெள்ளி. எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடையின் சுவர் மட்டும் வரைய மிச்சம். ஆனால் ஜன்னலுக்கு நேரே கரண்ட் கம்பம், சுவரின் நிழல் தெரியவில்லை.

ராத்தா பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நடு ரோட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்... அபாயாவோடு, மடியில் படத்தோடு!

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் குத்பா பிரசங்கம் முடிந்தது. தொழுகையும் முடிந்தது. நான் கந்தோர் வாசலுக்கு ஓடினேன்.

"ராத்தா, எழும்பி வாங்க, ஆக்கள் வாறாங்க!"

அசையவில்லை.

முதலில் வந்தது அந்தக் கடை ஹாஜியாரின் மோட்டார் சைக்கிள்தான். "என்ன மகள், நடு ரோட்டுல?"

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார். உங்கட செவருதான் மிச்சம்."

ஹாஜியார் என்ஜினை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், ஹார்ன் நின்றது. சுவரும் முடிந்தது.

இன்றைக்கு அந்தப் படம் வீட்டு ஹோலில், ராத்தாவைக் கிடத்தியிருந்த கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தது. மையத்தைக் கிடத்தியிருக்கிற இடத்தில் ஆள் உருவம் உள்ள படம் கூடாது, கழற்றுங்கள் என்று ஒரு மாமி சொன்னார். மகள் அழுதுகொண்டே கதிரையில் ஏறினாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "இதுல ஆக்கள் ஒருத்தரும் இல்லியா?"

"இல்ல மாமி. ரோடு மட்டும்தான். உம்மா கீறின."

மாமி கனநேரம் பார்த்தார்.

"நம்மட ரோடுதானே இது... இரிக்கட்டும். எறங்கு மகள்."

படத்தை யாரும் கழற்றவில்லை, ராத்தா.

அல்லாஹ் உங்கள் கப்ரில் நிறைய வெளிச்சம் தரட்டும்...